உறைபனிக்கு முன் தோட்டப் பாசனக் குழாய்களிலிருந்து நீரை வெளியேற்றுவது: சிறிய கம்ப்ரஸர் போதுமா?

கேள்வி

வணக்கம். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே நிற்கும் பகுதியிலுள்ள ஒரு வீட்டிற்கு இந்தக் கோடையில் குடிவந்தோம். முன்பு இங்கு வாழ்ந்தவர்கள் அமைத்த தானியங்கிப் பாசன அமைப்பு தோட்டத்தில் இருக்கிறது. மொத்தம் ஆறு பிரிவுகள். ஐந்தில் புல்தரைக்கான தெளிப்பான்களும், ஆறாவதில் செடிகளுக்கான சொட்டுநீர்க் குழாயும் உள்ளன. வால்வுப் பெட்டி வரை வருவது பி.வி.சி. குழாய், அங்கிருந்து பிரிந்து செல்பவை கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய்கள். அனைத்தும் சுமார் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்டுள்ளன. வீட்டுச் சுவரையொட்டித் தரைக்கு மேலே, பித்தளையாலான பின்னோட்டத் தடுப்பு வால்வு (தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) ஒன்று இருக்கிறது. அதன் இரு புறமும் கைப்பிடியுள்ள பந்து வால்வுகளும், பக்கவாட்டில் திருப்புளியால் திறக்கக்கூடிய இரண்டு சிறிய பரிசோதனைத் திருகுகளும் உள்ளன.

குழாய்கள் மண்ணுக்கடியில் இருப்பதால், முதன்மை வால்வை மூடிவிட்டு, தரைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் பஞ்சுறையால் சுற்றிவைத்தால் போதுமா என்பது என் முதல் ஐயம். போதாது என்றால், வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்க வைத்திருக்கும் 24 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய கம்ப்ரஸரைக் கொண்டே நீரை ஊதி வெளியேற்ற முடியுமா, எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்பவையும் எனக்குத் தெரியவில்லை. முதல் உறைபனிக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கலாம்.

பதில் 1

வணக்கம். பாசனக் குழாய்ப் பணியைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருகிறேன். முதல் ஐயத்திற்குத் தெளிவான விடை: போதாது. முதன்மை வால்வை மூடினால் புதிய நீர் வருவது மட்டும்தான் நிற்கும். கோடை முழுவதும் குழாய்களில் நின்ற நீர் அங்கேயே இருக்கும். பஞ்சுறையோ நுரையுறையோ தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஓர் இரவின் உறைபனியை அது தாங்கும். வாரக்கணக்கான குளிரில் உறைக்குள் இருக்கும் நீரும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்தே தீரும். 25 சென்டிமீட்டர் ஆழமும் காப்பாகாது. நீங்கள் சொல்வது போன்ற குளிரில் மண்ணே அதைவிட ஆழம் வரை உறைந்துவிடும்; கடுங்குளிர்ப் பகுதிகளில் அது ஒரு மீட்டரையும் தாண்டும்.

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. ஆனால் குழாயைப் பிளப்பது பெரும்பாலும் பனிக்கட்டி சுவரைத் தள்ளுவதால் அல்ல. ஓரிடத்தில் உருவான பனிக்கட்டி அடைப்பாக மாறி, அதற்கும் மூடிய வால்வுக்கும் இடையே சிக்கிய நீரை மேலும் மேலும் நெருக்குகிறது. போக வழியில்லாத அந்த நீரின் அழுத்தம்தான் குழாயின் வலுவற்ற இடத்தைத் தேடிப் பிளக்கிறது. எனவேதான் உறைந்த இடம் ஒன்றாகவும் பிளந்த இடம் வேறொன்றாகவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாலிஎத்திலீன் சற்று விரிந்து கொடுக்கும். பி.வி.சி. குளிரில் நொறுங்கும் தன்மையடைந்து நீளவாக்கில் வெடிக்கும். ஆக, வால்வுப் பெட்டி வரை வரும் உங்கள் பி.வி.சி. குழாய்தான் நிலத்தடியில் அதிகக் கவனம் வேண்டிய பகுதி.

தரைக்கு மேலுள்ள பின்னோட்டத் தடுப்பு வால்வு அதற்கும் முன்பே உறையும். அது உலோகம், நான்கு புறமும் காற்று, மண்ணின் வெப்பம் அதற்குக் கிடைப்பதில்லை. பகலில் வெயிலும் இரவில் சில மணி நேர உறைபனியுமாக இருக்கும் பருவத்தொடக்கத்தில் புதைந்த குழாய்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இந்த வால்வு அந்த ஓரிரவிலேயே வெடித்துவிடக்கூடும். ஆகவே எதிர்பாராமல் இன்றிரவே உறைபனி வரும் என்று தெரிந்தால், மற்ற எதற்கும் நேரமில்லாவிட்டாலும், வீட்டிற்குள் இருக்கும் முதன்மை வால்வை மூடி, அதற்கடுத்த வடிகால் திருகைத் திறந்து, இந்த வால்வின் பரிசோதனைத் திருகுகளையும் திறந்து, அதிலுள்ள நீரை மட்டுமாவது வடித்துவிடுங்கள்.

இனி முழுமையான முறை. முதன்மை வால்வை மூடிய பிறகு, கன்ட்ரோலர் (பிரிவுகளைத் தானாகத் திறந்து மூடும் கருவி) வழியாக ஒரு பிரிவைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குழாயிலுள்ள அழுத்தத்தைத் தணியுங்கள். காற்றைச் செலுத்தும் இணைப்பு, பின்னோட்டத் தடுப்பு வால்வைத் தாண்டி, தோட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும். அழுத்தப்பட்ட காற்று கம்ப்ரஸரிலிருந்து சூடாக வெளிவருகிறது. அதை அந்த வால்வின் வழியாக அனுப்பினால் உள்ளேயிருக்கும் ரப்பர் அடைப்பான்களும் பிளாஸ்டிக் பாகங்களும் கெட்டுவிடும். அந்த வால்வின் தோட்டப் பக்கத்துக் கைப்பிடியை மூடியே வையுங்கள். தனி இணைப்பு இல்லையென்றால், வால்வுப் பெட்டிக்கு முன் ஒரு ‘டி’ இணைப்பும் மூடியும் பொருத்திக்கொள்வது ஒருமுறை செய்யும் வேலைதான்; ஆண்டுதோறும் பயன்படும்.

வரிசைமுறையில் தவறு செய்யாதீர்கள். முதலில் கன்ட்ரோலரில் ஒரு பிரிவைத் திறக்க வேண்டும், அதன் பிறகே காற்றை மெதுவாகத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் காற்றை நிறுத்தி, பிறகு பிரிவை மூட வேண்டும். எல்லாப் பிரிவுகளும் மூடியிருக்கும் நிலையில் கம்ப்ரஸர் ஓடினால் அழுத்தம் முழுவதும் முதன்மைக் குழாயிலேயே ஏறும். கம்ப்ரஸர் வைத்த இடத்திலிருந்து மிகத் தொலைவிலும் உயரத்திலும் உள்ள பிரிவில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடியுங்கள். தெளிப்பான்கள் எழும்பி முதலில் நீரும், பிறகு நீரும் காற்றும் கலந்த சீறலும், பிறகு மெல்லிய புகைபோன்ற தூவலும் வரும். தூவல் நின்றதும் நிறுத்திவிட வேண்டும். எந்தப் பிரிவிலும் ஒரே மூச்சில் இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஊத வேண்டாம். சுழலும் தெளிப்பான்களின் உள்ளிருக்கும் பற்சக்கரங்களுக்கு நீர்தான் மசகு, உலர்ந்த காற்றில் அவை அதிவேகமாகச் சுழன்று சூடேறி உருகிவிடுகின்றன. நீண்ட ஊதல் ஒன்றைவிட, எல்லாப் பிரிவுகளையும் ஒரு சுற்று முடித்துவிட்டு, இடைவெளி விட்டு, இரண்டாம் சுற்று ஊதுவதே சிறந்தது. அந்த இடைவெளியில் குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நீர் வழிந்து தாழ்வான இடங்களில் சேர்ந்திருக்கும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, பி.வி.சி. மட்டும் உள்ள அமைப்புக்கு 80 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதாவது சுமார் 5.5 பார் என்பதும், பாலிஎத்திலீனுக்கு 50 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 3.4 பார் என்பதும் தொழிலில் பின்பற்றப்படும் உச்ச வரம்புகள். உங்களிடம் இரண்டும் இருப்பதால் 50-ஐத் தாண்டக் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். ஊதும்போது வால்வுப் பெட்டியின் மீதோ தெளிப்பான்களின் மீதோ குனிந்து பார்க்க வேண்டாம். ஒரு மூடி தெறித்தால் கண் போய்விடும். குழந்தைகள் தோட்டத்தில் இருக்கவே கூடாது. கம்ப்ரஸரை ஓடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதும் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு, பின்னோட்டத் தடுப்பு வால்வின் இரண்டு கைப்பிடிகளையும் முழுவதும் திறந்தும் வைக்காமல் முழுவதும் மூடியும் வைக்காமல் 45 டிகிரிச் சாய்வில் நிறுத்துங்கள். பந்து வால்வை மூடும்போது அதன் பந்தின் துளைக்குள் ஒரு சிறங்கை நீர் சிக்கிக்கொள்ளும். அது உறைந்தாலே வால்வின் உடல் பிளந்துவிடும். பாதித் திறப்பில் அந்த நீருக்குப் போக வழி கிடைக்கிறது. பரிசோதனைத் திருகுகளையும் அதே சாய்வில் விடுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் நுரையுறை சுற்றலாம், ஆனால் காற்றுத் துளைகளையும் வடிகால்களையும் அடைத்துவிடாமல் சுற்ற வேண்டும்.

பதில் 2

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. கம்ப்ரஸர் பற்றிய கேள்விக்கு மட்டும் கணக்கோடு விடை சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் பலரும் அழுத்தத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாயைக் காலிசெய்வது அழுத்தம் அல்ல, காற்றின் அளவு. காற்று குழாயின் குறுக்களவு முழுவதையும் நிரப்பியபடி நீரை முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வரத்து குறைவாக இருந்தால் காற்று நீரின் மேற்பரப்பை ஒட்டி நழுவிச் சென்றுவிடும், நீர் குழாயின் அடியிலேயே படுத்திருக்கும். தெளிப்பானில் காற்று வருவதைப் பார்த்து வேலை முடிந்ததாக நினைத்து ஏமாறுவது இப்படித்தான்.

உங்கள் ஒரு பிரிவு கோடையில் நிமிடத்திற்கு 60 லிட்டர் நீர் தெளிக்கிறது என்று கொள்வோம். அதே வேகத்தில் நீரைத் தள்ள, குழாய்க்குள் நிமிடத்திற்கு 60 லிட்டர் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். ஆனால் மானி காட்டும் 3.4 பார் என்பது வெளிக்காற்றின் சுமார் 1 பாருக்கு மேல் கூடுதலாக உள்ள அழுத்தம்; ஆக, குழாய்க்குள் இருப்பது ஏறத்தாழ 4.4 மடங்கு நெருக்கப்பட்ட வெளிக்காற்று. ஆகவே வெளிக்காற்றின் கணக்கில் நிமிடத்திற்குச் சுமார் 264 லிட்டர் வேண்டும். கம்ப்ரஸர்களின் மேல் பொறிக்கப்படும் சி.எஃப்.எம். (நிமிடத்திற்கு இத்தனை கன அடி) அளவில் இது 9-க்குச் சற்று மேல். ஒரு கன அடி 28.3 லிட்டர். வீட்டு உபயோகச் சிறிய கம்ப்ரஸர்கள் பலவும் 2 முதல் 3 சி.எஃப்.எம். வரைதான் தரும். உங்களுடையது 2.5 தருகிறது என்றால் நிமிடத்திற்கு 70 லிட்டர், தேவையில் கால் பங்கு.

தொட்டியில் சேமித்த காற்று உதவும்தான். 24 லிட்டர்த் தொட்டி 8 பாரில் நிரம்பியிருந்தால், அது 3.4 பாருக்கு இறங்கும் வரை நமக்குக் கிடைப்பது சுமார் 110 லிட்டர் வெளிக்காற்று. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தாலும் முழு வேகத்தில் அரை நிமிடம்தான் தாங்கும், பிறகு அழுத்தம் விழும். எனவே சிறியதை வைத்துச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். தொட்டி முழுவதும் நிரம்பும் வரை காத்திருந்து, ஒரு பிரிவை அரை நிமிடம் ஊதி, மீண்டும் நிரம்பக் காத்திருந்து, இப்படி ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தாறு முறை செய்ய வேண்டியிருக்கும். அழுத்தத்தை உயர்த்தி இந்தக் குறையை ஈடுகட்ட நினைப்பதுதான் ஆபத்து. அது நீரை அதிகம் வெளியேற்றாமல் இணைப்புகளைத்தான் கழற்றிவிடும்.

மறுபுறம், சாலைப் பணிகளில் காணும் இழுவைக் கம்ப்ரஸர்களை வாடகைக்கு எடுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 185 சி.எஃப்.எம். என்பது அவற்றில் மிகவும் வழக்கமான அளவு. நம் தேவையைப் போல இருபது மடங்கு. அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாமல் அதைத் திறந்தால் கோடையில் ஆண்டுக்கணக்காக நன்றாக இருந்த தெளிப்பான்கள் அன்றே போய்விடும்.

பதில் 3

சென்ற குளிர்காலத்தில் நேர்ந்ததை இங்கே எழுதுவது உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். நான் முறைப்படி எல்லாப் பிரிவுகளையும் இரண்டு சுற்று ஊதி, தூவல் நின்றதைக் கண்ணால் பார்த்து, நிறைவாகத்தான் வீட்டிற்குள் சென்றேன். வசந்தத்தில் நீரைத் திறந்தபோது வால்வுப் பெட்டியருகே மண்ணைப் பிளந்துகொண்டு ஊற்றுப்போல நீர் எழுந்தது. தோண்டிப் பார்த்தால் பி.வி.சி. குழாய் ஒரு முழ நீளத்திற்குக் கீறிப் பிளந்திருந்தது.

காரணம் ஊதியதில் இல்லை. வீட்டிற்குள் இருந்த முதன்மை வால்வு பழைய கேட் வால்வு. இறுக்கி மூடிய பிறகும் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. வடிகால் திருகையும் நான் மூடிவிட்டிருந்தேன். குளிர்காலம் முழுவதும் அந்தத் துளிகள் சேர்ந்து, நான் பாடுபட்டுக் காலிசெய்த குழாயை மீண்டும் நிரப்பிவிட்டன. ஒரு நிமிடத்திற்குப் பத்துத் துளிகள் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இருபது துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால்கூட, ஒரு நாளில் அது 720 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் இருபது லிட்டருக்கு மேல். ஓர் அங்குலக் குழாய் மீட்டருக்கு அரை லிட்டர் கொள்ளும் என்பதால், நாற்பது மீட்டர்க் குழாயை நிரப்ப அதுவே போதும்.

ஆகவே முதன்மை வால்வை மூடியதும் வடிகால் திருகைத் திறந்து, அதன் கீழ் ஒரு வாளியை வைத்து, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். வாளியில் நீர் சேர்ந்துகொண்டே இருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். குளிர் வருவதற்குள் அதை மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் வடிகால் திருகைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே வைத்து, கசிவு வாளிக்கு வருமாறு விட்டுவிடுங்கள். கேட் வால்வை எடுத்துவிட்டுப் பந்து வால்வு வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. வாளி வைத்துப் பார்த்தேன். ஒரு நாளுக்குப் பிறகும் உலர்ந்தே இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். சொட்டுநீர்ப் பிரிவையும் இதே 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஊதலாமா? மேலும், எவ்வளவு ஊதினாலும் தாழ்வான இடத்தில் கொஞ்சம் நீர் தங்கிவிடும் என்ற அச்சம் இருப்பதால், வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவத்தைக் குழாய்க்குள் ஊற்றிவைக்கலாம் என்று அண்டைவீட்டுக்காரர் சொல்கிறார். அது சரியா?

பதில் 1

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அதைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டிக் கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது மனிதர்களுக்கும் நாய், பூனைகளுக்கும் கடும் நஞ்சு. இனிப்புச் சுவை உடையது என்பதால் விலங்குகள் நக்கிக் குடித்துவிடும். வசந்தத்தில் அது முழுவதும் உங்கள் புல்தரையிலும் செடிகளின் வேரிலும்தான் கொட்டும். அதைவிடப் பெரிய கவலை, அந்தக் குழாய் உங்கள் குடிநீர்க் குழாயோடு இணைந்தது. இடையில் நிற்பது அந்தப் பின்னோட்டத் தடுப்பு வால்வு ஒன்றுதான்.

தங்கிவிடும் சிறிதளவு நீரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. குழாய் எலும்பைப் போல உலர்ந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. குறுக்களவில் பெரும்பகுதி காலியாக இருந்தால், உறையும் நீர் அந்த வெற்றிடத்திற்குள் விரிந்துகொள்ளும். குழாய் நிரம்பி, இரு முனைகளும் அடைபட்டிருக்கும்போதுதான் பிளவு ஏற்படுகிறது.

சொட்டுநீர்ப் பிரிவுக்கு 50 மிக அதிகம். அந்தக் குழாய்களின் இணைப்புகள் பெரும்பாலும் அழுத்திச் செருகப்பட்டவை, ஆணியோ பசையோ இல்லாதவை. 30 பி.எஸ்.ஐ., அதாவது 2 பாரைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஊதுவதற்கு முன் ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் கழற்றிவிடுங்கள். நீர் சொட்டுவான்களின் நுண்துளைகள் வழியாக வெளியேறாது, மூடி இருந்த இடத்தின் வழியாகத்தான் வெளியேறும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பிரிவின் தொடக்கத்திலுள்ள ஃபில்ட்டரும் அழுத்தக் குறைப்பானும். ஃபில்ட்டரின் கிண்ணத்தில் எப்போதும் நீர் நிற்கும், அதை எந்தக் காற்றும் முழுவதும் வெளியேற்றாது. கையால் கழற்றி, வலையைக் கழுவி, இரண்டையும் வீட்டிற்குள் கொண்டுபோய் வையுங்கள். தரைக்கு மேல் கிடக்கும் மெல்லிய குழாய்களை அப்படியே விடலாம். அவை குளிரைத் தாங்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. சுவரிலுள்ள தோட்டக் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். உறையாத வகை என்று விற்கப்படும் குழாய்கள்கூட, ஹோஸ் மாட்டியே இருந்தால் உள்ளிருக்கும் நீர் வடிய வழியின்றிச் சுவருக்குள்ளேயே பிளந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நேற்று வேலையை முடித்தேன். 10 சி.எஃப்.எம். தரும் கம்ப்ரஸர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். தெளிப்பான் பிரிவுகளுக்கு 45 பி.எஸ்.ஐ., சொட்டுநீருக்கு 25 வைத்தேன். முதல் சுற்றிலேயே எல்லாம் வறண்டுவிட்டதாகத் தோன்றியது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றில் நான்காம் பிரிவை ஊதியபோது, தாழ்வான மூலையிலிருந்த தெளிப்பான் அரை நிமிடத்திற்கும் மேலாக நீரைக் கக்கியது. ஒரே சுற்றோடு நிறுத்தியிருந்தால் அந்த நீர் அங்கேயே உறைந்திருக்கும். ஃபில்ட்டர் கிண்ணத்திலும் விளிம்பு வரை நீர் இருந்தது. கைப்பிடிகள் இப்போது 45 டிகிரியில் இருக்கின்றன. கன்ட்ரோலரின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டுமா?

பதில் 2

வேண்டியதில்லை. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் மழைக்கால நிறுத்தம் என்றோ நிறுத்தம் என்றோ ஒரு நிலை இருக்கும். அதில் வைத்துவிட்டால் நேரமும் அட்டவணையும் அழியாமல் இருக்கும். வெளிச்சுவரில் பொருத்தப்பட்டதென்றால், மின்னிணைப்பு இருப்பதால் உண்டாகும் சிறு வெப்பம் உள்ளே ஈரம் படியாமலும் காக்கும். ஆனால் உங்கள் அமைப்பு கிணற்று மோட்டாரையோ வேறு பம்பையோ இயக்குவதாக இருந்தால், அந்த மோட்டாருக்கான கம்பியை மட்டும் கழற்றிவிடுங்கள். தவறுதலாக ஒரு பிரிவு திறந்தால் பம்ப் நீரின்றி ஓடிப் பழுதாகிவிடும். வசந்தத்தில் முதன்மை வால்வைத் திறக்கும்போது பரிசோதனைத் திருகுகளை முதலில் மூடி, பிறகு முதன்மை வால்வைச் சிறிதளவு மட்டும் மெதுவாகத் திறந்து, குழாய் நிரம்பும் ஓசை அடங்கிய பின் மீதியைத் திறங்கள். காலியான குழாயில் நீர் ஒரேயடியாகப் பாய்ந்தால், குளிர் விட்டுவைத்த இணைப்புகளை அந்த அதிர்ச்சியே உடைத்துவிடும்.